ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகச் சேர்க்கை நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்து முதல் சுற்றில் தேறியவர்களோடு, டிசம்பரில் ஆசிரியர்கள் நடத்தும் பாட உரையாடல்தான் இது. ஆக்ஸ்போர்டில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று மாணவர்களை உட்காரவைத்து விவாதித்தே கற்பிக்கும் வகுப்புகள் முக்கியம். அந்த முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறார்கள். பாட்டு வாத்தியார் புது சங்கதி ஒன்றைப் பாடிக் காட்டி, பிள்ளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கவனிப்பாரே, அதுபோல.

அதனால் பார்த்திராத கணக்கையோ கவிதையையோ எடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இதுதான் பாதித் தயாரிப்பு. இடையில் அவர்கள் குறிப்புக் கொடுத்தால் தயங்காமல் பாதையை மாற்றுங்கள். அப்புறம், விண்ணப்பத்தில் குறிப்பிட்ட புத்தகங்களை மறுபடி புரட்டுங்கள்.

பலர் பயப்படுவது ஆங்கில உச்சரிப்புக்கும் உடைக்கும். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.