பல்கலைக்கழக ஆய்வகத்தில் எண்ணெய், கீரை, கொழுப்பு என்று ஆராய்கிறவர்கள் நாள் முழுவதும் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இன்றைக்கு ஒரு எண்ணெயை நல்லது என்கிறார்கள், நாளைக்கு அதையே கெட்டது என்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன வேலை நடக்கிறது?"

முதலில் சம்பளம் என்பதைத் திருத்திவிடுகிறேன். அது ஃபெல்லோஷிப். மாதாமாதம் வரும் என்று நம்பி வாடகை வீடு பிடிக்கக் கூடாது. நான் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் விதை எண்ணெய்களையும் கீரைகளையும் வைத்து பிஎச்.டி. முடித்தவன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் பொழுதில் பெரும்பகுதி போவது ஒரே வேலையில்தான்: ஒரு செடிக்குள் இருக்கும் கொழுப்பை, அது உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே வெளியே எடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். பெரும்பாலான கீரைகளில் 100 கிராமுக்கு ஒரு கிராம் கொழுப்புகூட இருக்காது. இருக்கிற கொஞ்சமும் பெரும்பாலும் பச்சையத்தைத் தாங்கும் சவ்வுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையைக் கிள்ளிய நொடியிலிருந்தே அதன் சொந்த நொதிகள் அந்தக் கொழுப்பை உடைக்க ஆரம்பித்துவிடும். புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசனை வருமே, அது இதுதான். லினோலெனிக் அமிலம் உடைந்து ஹெக்செனல் வகைப் பொருள்கள் காற்றில் கலக்கின்றன. நமக்கு அது நல்ல வாசனை. ஆய்வகத்தில் அந்த வாசனை வந்தால் சாம்பிள் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் இலையை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, கல்லுரலில் மாவாக இடிக்கிறோம்.

அதற்கும் முன்னால் செடி எது என்று முடிவாக வேண்டும். கீரைக்காரம்மா சொல்லும் பெயரை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. ஒரே பெயரில் ஊருக்கு ஒரு செடி விற்கிறது. வேரும் பூவுமாகப் பிடுங்கி, காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ கோவையில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல அலுவலகத்துக்கோ கொண்டுபோய், இன்ன செடிதான் என்று எழுதி வாங்கி வருவோம்.

அப்புறம் குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு. இந்தக் கலவை 1957-ல் வந்த ஃபோல்ச் முறை. ஃபோல்ச் என்பவர் மூளைத் திசுவின் கொழுப்பை ஆராய்ந்தவர். அடுத்து 1959-ல் கனடாவில் பிளை, டையர் என்ற இருவர் காட் மீனுக்காக அதையே சுருக்கி, கரைப்பான் குறைவாகச் செலவாகும்படி செய்தார்கள். அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் இவை இரண்டும் உண்டு. மூளைக்கும் மீனுக்கும் எழுதிய செய்முறையில்தான் நம் ஊர் முருங்கைக்கீரையும் கரைகிறது. பிளாஸ்டிக் குழாயைத் தொடக் கூடாது, எல்லாம் கண்ணாடிதான். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற பொருள்களை குளோரோஃபார்ம் கரைத்துக் கொண்டுவந்துவிடும். கடைசியில் கருவி தரும் வரைபடத்தில் அவற்றால் ஒரு புதிய முகடு எழும்பும். புதிதாகச் சேர்ந்த ஸ்காலர் அதைப் பார்த்து இதுவரை யாரும் காணாத கொழுப்பமிலம் என்று குதிப்பார். சீனியர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எடுத்த கொழுப்பை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றி ஜிசி என்று நாங்கள் சொல்லும் கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தினால், ஒவ்வொரு கொழுப்பமிலமும் தன் முறைக்கு வெளியே வரும். எது எத்தனை சதவீதம் என்று கணக்கிடலாம். காத்திருப்பதுதான் இதில் வேலை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நல்லெண்ணெய்க்கு வருகிறேன். இந்தத் துறையில் என்னை இழுத்து உட்காரவைத்ததே அதுதான்.

நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்குப் பக்கமாக லினோலிக் அமிலம் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு இரண்டு கொண்ட அமிலம். ஆக்ஸிஜனுக்கு ரொம்பப் பிடித்த தீனி. கணக்குப்படி பார்த்தால் இந்த எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. நல்லெண்ணெய், சூரியகாந்தி இரண்டையும் 60 டிகிரி அடுப்பில் திறந்த பீக்கரில் வைத்து, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவைச் சில நாளுக்கு ஒரு முறை பார்த்தால் வித்தியாசம் தெரியும். பொட்டாசியம் அயோடைடு போட்டு, தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் வரை பார்க்கும் பழைய டைட்ரேஷன். சூரியகாந்திக்குப் பியூரெட் இறங்கிக்கொண்டே போகும், நல்லெண்ணெய்க்குக் கொஞ்சத்திலேயே நீலம் போய்விடும்.

காரணம் எள்ளில் மட்டும் இவ்வளவு தாராளமாக இருக்கும் லிக்னான்கள் என்ற தாவரப் பொருள்கள்: செசமின், செசமோலின். வைட்டமின் ஈ வகையான காமா டோகோஃபெராலும் கூட நிற்கிறது. செசமோலின் தானாகப் பெரிய வீரன் இல்லை. எள்ளை வறுத்தாலோ எண்ணெயைக் காய்ச்சினாலோ அது உடைந்து செசமோல் என்ற ஃபீனால் வெளிப்படும். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிற ஆள் அவர்தான். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் நமிக்கியின் குழு 1980-களில் இன்னொன்றையும் கண்டது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அமிலத்தன்மையுள்ள களிமண்ணால் நிறம் நீக்குவார்கள். அந்தக் கட்டத்தில் செசமோலின் செசமினாலாக மாறுகிறது, அதுவும் எண்ணெயைக் காக்கிறது. சுத்திகரித்தால் எல்லாச் சத்தும் போய்விடும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவது எள் விஷயத்தில் முழு உண்மை இல்லை. செக்கு எண்ணெய்க்காரர்கள் என்னை மன்னிக்கட்டும். என் வீட்டிலும் செக்கு எண்ணெய்தான், ருசிக்காக.

எள்ளின் இந்த லிக்னான்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நல்லெண்ணெயில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்த்துக் குலுக்கினால் அமில அடுக்கு சிவந்துவிடும். பௌடூயின் சோதனை என்று பெயர். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் போட்டது இதற்காகத்தான். நெய்யில் வனஸ்பதி கலந்தால் இந்தச் சோதனையில் சிவப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். கள்ளனின் சட்டையில் முன்கூட்டியே சாயம் பூசி அனுப்புவதுபோல. எண்ணெய் வேதியியலில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

சரி, "செயல்பாட்டு உணவு" என்கிறார்களே, அது? பசியாற்றுவதோடு உடலுக்குக் குறிப்பிட்ட ஒரு நன்மையும் செய்யும் உணவு என்பது பொருள். ஜப்பான் 1991-லேயே இதற்குத் தனி அனுமதி முறை கொண்டுவந்தது. இந்தியாவில் 2016-ல் விதிகள் வந்தன. எங்கள் துறையில் எனக்கு எரிச்சல் மூட்டும் பகுதியும் இங்கேதான் இருக்கிறது. டிபிபிஎச் என்று ஒரு ஊதா நிறக் கரைசல். இலைச் சாற்றை ஊற்றினால் மஞ்சளாக மாறும். மாறினால் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. எந்த இலையைப் போட்டாலும் ஏறக்குறைய மாறும், டீத்தூளைப் போட்டால் இன்னும் ஜோராக மாறும். விலை மலிவு, ஒரு மதியத்தில் முடிந்துவிடும், எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு அருமை. ஆனால் அந்தச் சாற்றைச் சாப்பிட்டவர் உடம்பில் என்ன நடக்கும் என்று அது எதையும் சொல்லாது. இதே மாதிரிச் சோதனைக்குழாய் அளவான ஓராக் மதிப்புகளின் பட்டியலை அமெரிக்க விவசாயத் துறை தன் தளத்தில் வைத்திருந்தது. மனித உடல்நலத்தோடு அவற்றுக்குத் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரத்துக்குத்தான் பயன்படுகின்றன என்று 2012-ல் அதை எடுத்தேவிட்டது.

நல்லது, கெட்டது என்று மாறி மாறி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு செய்தி குழாயிலிருந்து வருகிறது, ஒன்று எலியிலிருந்து, ஒன்று மனிதரிடமிருந்து. தலைப்பில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மீதிப் பாதி, அளவைச் சொல்லாமல் விடுவது. பருப்புக்கீரையில் ஒமேகா 3 இருக்கிறது என்பது உண்மை. 100 கிராம் பச்சைக் கீரையில் 300 முதல் 400 மில்லிகிராம், கீரைக்கு அது நல்ல அளவு. அதே சத்து 10 கிராம் ஆளி விதையில் ஏறக்குறைய 2 கிராம் கிடைக்கும். இரண்டுமே ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். மீனில் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா 3 வகைகள் வேறு. முன்னதிலிருந்து பின்னதை நம் உடல் கொஞ்சமாகத்தான் செய்துகொள்ளும். இவ்வளவையும் ஒரு தலைப்பில் எழுத முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

எலி என்றால் இளக்காரமும் வேண்டாம். 1929-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் தேறின. அதுவரை கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள் என்றுதான் நினைத்திருந்தார்கள். வெகுகாலம் கழித்து, ரத்தக்குழாய் வழியே கொழுப்பில்லாத உணவு மட்டும் ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு அதே மாதிரித் தோல் உரிந்தபோது, என்ன கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்ன வேலை நடக்கிறது என்று கேட்டீர்களே, ஒரு உதாரணம்.

கடைசியாக, கல்யாண வீடுகளில் அத்தைமார் என்னிடம் கேட்பது: "ஏம்ப்பா, இவ்வளவு படிச்சியே, எந்த எண்ணெய்தான் நல்லது?" நான் சொல்வது: "ஒண்ணையே பிடிச்சுத் தொங்காதீங்க அத்தை, மாத்தி மாத்தி வாங்குங்க. ஒரு மாசத்துல தீர்ற அளவு வாங்குங்க, அடுப்புப் பக்கம் வைக்காதீங்க. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க." ஆளி விதையைப் பொடித்து டப்பாவில் அடைத்து வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்வேன்: முழுதாக வாங்கி, வேண்டியதை அவ்வப்போது பொடித்துக்கொள்ளுங்கள். கசக்க ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.