பெரியம்மாவுக்கு ஜே.கே.எம். உதவி வருகிறது, அம்மாவுக்கு ஏன் வரவில்லை?

பினாங்கின் பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 67 வயது, எஸ்.டி.ஆர். (மலேசிய அரசு குறைந்த வருமானக்காரர்களுக்குத் தரும் ரொக்க உதவி) மட்டும் வருகிறது, கோலாலம்பூர் பெரியம்மாவுக்கு ஜே.கே.எம். (சமூக நல இலாகா) பணமும் மாதாமாதம் வருகிறது, பினாங்கு என்பதால்தான் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர் காரணமல்ல. முதியோருக்கான பந்துவான் வார்கா எமாஸ் கூட்டரசுப் பணம். பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் தொகை ஒன்றுதான்: 2025 முதல் மாதம் 600 ரிங்கிட், அதற்கு முன்பு 500. ஆனால் எஸ்.டி.ஆர். பட்டியலில் பெயர் இருப்பதால் இது தானாக வந்துவிடாது. எஸ்.டி.ஆர். மனுவைப் பார்ப்பது வருமான வரி வாரியம். வார்கா எமாஸ் மனுவைப் பார்ப்பது சமூக நல இலாகா. தனியாக மனுப் போட வேண்டும். (மைகாட்டில், அதாவது அடையாள அட்டையில், பொருள் வாங்க ஏறும் சாரா உதவி வேறு வகை. அதற்கு மனுவே கிடையாது, பெயரை அவர்களே எடுக்கிறார்கள்.)

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது 'பந்துவான் ஆம்' என்ற பொது உதவி. அது மாநிலப் பணம், தொகையை மாநிலமே முடிவு செய்கிறது. பினாங்கு அரசின் ஐ-செஜாத்ரா முதியோர் தொகை ஆண்டுக்கு ஒருமுறைதான். அதற்கு அம்மா பினாங்கு வாக்காளராக இருக்க வேண்டும்.

மனுவுக்கு ஜே.கே.எம். 18 பாரம், அல்லது இணையத்தில் இ-பந்துவான். குடியிருக்கும் மாவட்டத்து அலுவலகத்தில் கொடுங்கள். பட்டர்வொர்த்துக்கு அது செபராங் பிறை உத்தாரா. அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி இருந்தால் முதலில் ஜே.பி.என்.-இல் (தேசியப் பதிவு இலாகா) மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு இரண்டு அலுவலகத்துக்கு நடுவே அலையும். அடையாள அட்டை நகல், வங்கிப் புத்தக நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாடகை ரசீது, மருத்துவமனை அட்டை எல்லாம் சேர்த்து வையுங்கள்.

மனு பெரும்பாலும் சிக்குவது பிள்ளைகள் பகுதியில். இந்த உதவி 60 வயதைத் தாண்டி, தாங்கிப் பிடிக்க வசதியுள்ள குடும்பம் இல்லாதவர்களுக்கு. மானம் போகுமே என்று நம் அம்மாக்கள் "பிள்ளைங்க நல்லா பாத்துக்கிறாங்க" என்று அதிகாரியிடம் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மனு தள்ளுபடி. அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் மாதம் 150 ரிங்கிட் அனுப்பினால் 150 என்றே எழுதுங்கள். உங்கள் சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை இணைத்து, அதற்கு மேல் ஏன் அனுப்ப முடியவில்லை என்பது காகிதத்திலேயே தெரியட்டும். கிராப் ஓட்டும் தம்பிக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. சில மாத வங்கி அறிக்கை, கூடவே சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

பிறகு அதிகாரி வீட்டுக்கு வருவார். அம்மா தனியாகப் பதில் சொல்லத் தடுமாறினால், மலாய் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. பாரத்தில் எழுதிய வாடகையும் வாயால் சொல்லும் வாடகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தும் பணம் ஏறவில்லையா? வங்கிக் கணக்கு ஓராண்டாக அசையாமல் முடங்கியிருக்கலாம், அல்லது கணக்கிலுள்ள பெயர் அட்டையோடு பொருந்தாமல் இருக்கலாம். நம் பெயர்களில் 'அ/பெ' (இன்னாரின் மகள் என்ற குறிப்பு) விடுபடுவது வாடிக்கை. மனுப் போடும் முன்பே பத்து வெள்ளி போட்டு எடுத்துப் பாருங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லி ராயுவான் (மேல்முறையீடு) கொடுங்கள். அதே காகிதங்களை மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும்.