நெடுந்தீவு: அம்மாவுடன் ஒருநாள் பயணம்

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு காலையில் யாழ்ப்பாணக் கரைக்கு அப்பாலுள்ள நெடுந்தீவுக்குப் போய் மாலையே திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் படகுத் துறையிலிருந்து காலைப் படகையே பிடியுங்கள். கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், படகின் உள்ளே புழுக்கமாக இருக்கும் என்பதால் அம்மாவை வாசலுக்குக் கிட்ட இருத்துங்கள். ஏறும்போதே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுவையுங்கள், கடைசிப் படகை விட்டால் அன்றைக்கு அங்கேதான். காற்றுக் காலமென்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இறங்கியதும் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பே பூசாமல் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை) அடுக்கிக் கட்டிய வேலிகளைக் கிட்ட நின்று பாருங்கள், கல் எதையும் எடுக்க வேண்டாம். தீவில் தன்பாட்டில் திரியும் காட்டுக் குதிரைகளைத் துரத்திப் படமெடுக்காதீர்கள், கோடையில் அவை தண்ணீருக்கே தவிக்கின்றன. ஊருக்கும் நன்னீர் அருமை, அதனால் குடிநீரைக் கொண்டுபோய் வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டை மட்டும் தீவிலேயே வாங்குங்கள், அந்தக் காசு அங்கேயே நிற்கட்டும்.