பூட்டன் காலத்து மீன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெல்போர்னில் மீன் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே 'ஆரஞ்சு ரஃபி' என்றொரு மீன் விற்பதாகவும், அதன் வயது நம் பூட்டனார் வயதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றும் தொலைபேசியில் சொன்னான். நாற்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போகும் என்னால் இதை நம்ப முடியவில்லை. உண்மைதானா?
(வாசகர், உவரி)

பதில்: உங்கள் தம்பி சொன்னது உண்மைதான், ஐயா. நீங்கள் நம்பத் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் நம் கரையில் ஏறும் மீன்களின் வாழ்க்கைக் கணக்கு முற்றிலும் வேறு. சாளை ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். நெய்மீனுக்கு இரண்டு ஆண்டுகள் போதும். ஆரஞ்சு ரஃபியோ முதல் முட்டையை இடுவதற்கே 20 முதல் 40 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான மீன் ஒன்றைக் கையில் எடுத்தால், அதற்கு 50 வயதா 120 வயதா என்று நீளத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நமீபியா ஆகிய நாடுகளின் கடல்களிலும் வட அட்லாண்டிக்கிலும் பெரும்பாலும் 700 முதல் 1,400 மீட்டர் ஆழத்தில், அதாவது உங்கள் கணக்கில் ஏறத்தாழ 380 முதல் 760 பாகத்தில், இது வாழ்கிறது. அங்கே வெயில் எட்டாது; குளிர் மிகுதி; இரையும் அரிது. உயிரோடு இருக்கும்போது செங்கல் நிறத்தில் இருக்கும் இந்த மீன், இறந்த பிறகே ஆரஞ்சு நிறத்துக்கு மாறுகிறது. சிவப்பு ஒளி அந்த ஆழத்தை எட்டாததால் அங்கே சிவந்த உடல் இருளோடு இருளாகிவிடுகிறது. சிவப்பே அதற்கு மறைவிடம்.

'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று நம் தேரிக்காட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலிலும் தென்னை உண்டு, பனை உண்டு. சாளை தென்னை, ஆரஞ்சு ரஃபி பனை. 1990-ஆம் ஆண்டில் 147 வயதுள்ள ஒரு மீன் வலையில் ஏறியிருந்தால், தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்ட 1843-இல் அது முட்டையிலிருந்து வெளிவந்திருக்கும். அதைவிட மூத்தவையும் உண்டு. 200 வயதைக் கடந்த மீன்கள் பின்னாளில் நியூசிலாந்துக் கடலில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

கேள்வி: மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாதே, இந்த வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
(கல்லூரி மாணவி, திசையன்விளை)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. அடுத்த முறை வீட்டில் கத்தாளை மீன் வாங்கினால் தலையை வீசிவிடாமல், குழம்பில் வெந்த பிறகு மெல்லப் பிளந்து பாருங்கள். மூளைக்குக் கீழே இரு பக்கமும், தோல் உரித்த நிலக்கடலைப் பருப்பைப் போல வெள்ளையாக, வழுவழுப்பாக, இரண்டு கற்கள் கிடைக்கும். அவைதாம் செவிக்கற்கள். மீன் உடலைச் சமன்செய்து நீந்தவும் ஒலியை உணரவும் அவை உதவுகின்றன. மீன் வாழும் காலமெல்லாம் அவற்றின் மேல் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். கல்லைக் குறுக்கே மெல்லியதாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் வெட்டுமுகத்தில் தெரிவதைப் போன்ற வளையங்கள் தெரியும்.

ஆரஞ்சு ரஃபியின் கல்லில் ஓர் அருமையான செய்தி எழுதப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து தொடங்கும் வளையங்கள் அகலமாக இருக்கின்றன. ஓரிடத்தில் சட்டென்று அவை மயிரிழைபோல் நெருங்கிவிடுகின்றன. மீன் வளர்வதை நிறுத்திக்கொண்டு முட்டையிடும் பருவத்துக்குள் நுழைந்த காலத்தை அந்த இடம் காட்டுகிறது. தொடக்கத்தில் கல்லை அறுக்காமல் மேற்பரப்பை மட்டும் பார்த்து எண்ணியவர்கள், இந்த நெருக்கமான வளையங்களைத் தவறவிட்டு, வயதை மிகக் குறைவாக மதிப்பிட்டார்கள். பிறகு கல்லில் படிந்திருக்கும் ரேடியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும் விகிதத்தை அளந்து, 1991-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த மீன் நூறாண்டைக் கடந்து வாழ்வதை உறுதிசெய்தது. அதற்குள் மீன்பிடிப்பு முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1980-களின் இறுதியில் நியூசிலாந்தில் மட்டும் ஆண்டுக்கு 50,000 டன்னுக்கு மேல் பிடித்தார்கள்.

கேள்வி: இந்த மீனைச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா?
(இல்லத்தரசி, பாளையங்கோட்டை)

பதில்: வெண்மையான, முள் இல்லாத, மென்மையான தசை என்பதால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி ஏற்பட்டது. தோலுக்கடியில் இருப்பது மெழுகு போன்ற எண்ணெய். அது நமக்குச் செரிக்காது என்பதால், தோலை ஆழமாகச் சீவி எடுத்த பிறகே விற்கிறார்கள். அத்தனை ஆண்டுகள் பிற மீன்களையும் இறாலையும் கணவாயையும் தின்று வாழ்வதால் உடலில் பாதரசம் சேர்ந்துவிடுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க அரசு இதைச் சேர்த்திருக்கிறது.

கேள்வி: நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அங்கேயும் அப்படித் தடை போட்டால் அந்த மீன் பெருகிவிடாதா?
(மீனவர், கூத்தன்குழி)

பதில்: பெருகாது, ஐயா. ஓராண்டில் பருவத்துக்கு வரும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு பெரிய துணை; முப்பது ஆண்டுகள் காத்திருக்கும் மீனுக்கு அது கண் இமைக்கும் நேரம். முட்டைகளும் பத்தாயிரக் கணக்கில்தான். பருவம் எய்திய பெண் மீன்கள் எல்லாமே ஆண்டுதோறும் முட்டையிடுவதும் இல்லை. இயற்கையில் இது நட்டமான ஏற்பாடு அன்று. நூறு மீன்களில் ஓராண்டில் தாமாக இறப்பவை நான்கைந்துதான் என்பதால், அந்த மந்தமான பெருக்கமே அதற்குப் போதுமாக இருந்தது.

அம்பாசமுத்திரத்து வயல்வெளியில் நின்றால் பொதிகை எப்படிச் சட்டென்று எழுந்து நிற்கிறதோ, அப்படிக் கடலுக்கடியிலும் மலைகள் உண்டு. குளிர்காலத்தில் இந்த மீன்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து, குறிப்பிட்ட சில மலைகளைச் சுற்றி முட்டையிடத் திரள்கின்றன. அந்தத் திரளை ஒலிக்கருவியில் கண்டுபிடித்து இழுவை மடியைப் போட்டால், சில நிமிடங்களிலேயே பல டன் ஏறிவிடும். அதே மடி, மலைமேல் நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளங்களையும் உடைத்துக்கொண்டு போகும். பரந்த கடலில் ஆங்காங்கே திரியும் மீனைப் பிடிப்பது வேறு. தாய்மீன்கள் அத்தனையும் கூடும் ஒரே இடத்தில் மடி இழுப்பது வேறு. நமீபியாவில் 1990-களின் நடுவில் தொடங்கிய இந்தத் தொழில், சில ஆண்டுகளிலேயே சரிந்தது அதனால்தான்.

தாஸ்மானியாவின் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் என்ற கடலடிக் குன்றில் 1989-இல் இந்தத் திரளைக் கண்டு, அடுத்த சில குளிர்காலங்களில் அள்ளினார்கள். 2006-இல் ஆஸ்திரேலியா இந்த மீனைப் பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2015-இல் அந்தப் பகுதியில் சிறிய அளவில் மீண்டும் பிடிக்க அனுமதித்தது. அப்படித் திறந்தபோது முட்டையிடத் திரண்டவற்றில் பெரும்பாலானவை, 1989-க்கு முன்பே பிறந்திருந்த மீன்கள். அந்தக் குளிர்காலங்களில் மடிக்குத் தப்பிய தாய்மீன்கள் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை, இப்போதுதான் முதன்முறையாக அந்தக் குன்றை நோக்கி வரும் வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன.