ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கித் தரலாமா?

வணக்கம் அம்மா. ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன், தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் ப்ராஜெக்ட்டை 15,000 ரூபாய்க்கு ரிப்போர்ட்டோடு சேர்த்து வாங்கித் தரச் சொல்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

மாணவர்களை இன்டர்வியூவுக்குத் தயார்படுத்தும்போது நான் முதலில் கேட்பது, "இதில் எது உன்னைப் படுத்தி எடுத்தது?" என்பதைத்தான். சொந்தமாகச் செய்த பிள்ளை சிரித்துக்கொண்டே பேச ஆரம்பிக்கும். வாங்கிய பிள்ளை பிளாக் டயகிராமை ஒப்பிக்கும்.

அதே தண்ணீர் ப்ராஜெக்ட்டையே அவன் செய்யட்டும். ஆர்டுயினோ ஊனோ போர்டு (ப்ரோகிராம் எழுதி ஏற்றினால் அதன்படி நடக்கும் சின்ன சர்க்யூட் போர்டு), மண்ணில் குத்தும் ஈர சென்சார், பம்பை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே, சின்ன பம்ப், அவ்வளவுதான். இரண்டு கால் உள்ள மலிவான சென்சாருக்கு எந்நேரமும் சப்ளை கொடுத்தே வைத்திருந்தால், ஈர மண்ணில் மின்பகுப்பு நடந்து கால் அரித்துப்போகும். அளவு எடுக்கும் நேரம் மட்டும் சப்ளை கொடுக்கலாம், இல்லையென்றால் உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறலாம். அப்புறம் பெரிய தலைவலி ஒன்று வரும். பம்ப் ஓட ஆரம்பித்ததும் போர்டு ரீசெட் ஆகும். எழுதிய ப்ரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வான். உண்மையில், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டில் போர்டின் 5 வோல்ட் சரிந்திருக்கும். பம்புக்குத் தனி சப்ளை கொடுத்து, அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடை (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) சரியான திசையில் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேச முடியும். எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேம்பஸில் ஐடி கம்பெனி வேலைதான் குறி என்றால், இந்த போர்டை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். எம்பெடட் பக்கம், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு ப்ரோகிராம் எழுதும் வேலைக்கு, போக ஆசை என்றால் ஆர்டுயினோவோடு நின்றுவிடவும் கூடாது. சி மொழியில் பாயின்டர், வோலடைல், இன்டரப்ட் எல்லாம் கேட்பார்கள். ஊனோவில் 13-ஆம் பின்னில் ஒரு எல்இடி இருக்கிறது. அதை ‘டிஜிட்டல்ரைட்’ என்ற ரெடிமேட் கட்டளை இல்லாமல், சிப்புக்குள் பின்களை இயக்கும் போர்ட்-பி ரெஜிஸ்டரின் 5-ஆம் பிட்டை மாற்றி எரியவைக்க முடியுமா என்று அவனையே கேளுங்கள். முழித்தால் பரவாயில்லை, அந்த சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைத் திறப்பான். எனக்கு அது போதும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். நல்ல மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், பிரெட்போர்டு, கொஞ்சம் உதிரி பாகங்கள் வாங்கட்டும். சென்னை வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றட்டும், பாகங்கள் வாங்கத்தான். என்ன செய்தான், எது ஓடவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பாதி அதிலிருந்தே வந்துவிடும்.

மின்சாரம் என்றாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நியாயம்தான். 5 வோல்ட்டிலோ 12 வோல்ட்டிலோ ஓடும் டிசி பம்பே இதற்குப் போதும். வீட்டு மோட்டாரின் 230 வோல்ட் பக்கம் இந்த வருஷம் அவன் போகவே வேண்டாம்.