கடைமடைப் பையன் தி ஹேக் வரும்போது

பாபநாசம் தம்பிக்கு. நீ கேட்டது இது: "அண்ணா, செப்டம்பரில் நெதர்லாந்தில் தி ஹேக் வருகிறேன், சர்வதேச உறவுகள், மூன்று வருஷ இளநிலைப் படிப்பு. வரலாறு, அரசியல், பொருளாதாரம், கூடவே ஒரு மொழி என்று எல்லாம் கலந்து வைத்திருக்கிறார்கள். இப்படி எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்தால் கடைசியில் எதுவுமே தெரியாமல் போகும் என்று அப்பா பயப்படுகிறார். நிஜமா?"

பாதி நிஜம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து நானும் இந்த மாதிரிப் படிப்பைத்தான் முடித்தேன். இப்போது ராட்டர்டாம் துறைமுகத்தில், எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குத் தடையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை.

முதல் கட்டுரையில் எனக்குப் பத்துக்கு ஐந்து, இங்கே ஐந்தரைக்குக் கீழே போனால் ஃபெயில். எழுதியதோ நம் காவிரியைப் பற்றி. 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990ல் நடுவர் மன்றம், 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018ல் உச்ச நீதிமன்றம் நமக்குச் சொன்ன 177.25 டிஎம்சி என்று ஒன்று விடாமல் அடுக்கியிருந்தேன். வாத்தியார் ஓரத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "சரி, இதில் நீ என்ன சொல்கிறாய்?" பிளஸ் டூ வரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் ரைன் நதியைப் பற்றி ஒரு பாடம் வந்தது. ரைனுக்கு நெதர்லாந்துதான் கடைமடை. மேலே பிரான்ஸில் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கம் உப்புக் கழிவை ஆற்றில் விட, இங்கே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நாற்றுப்பண்ணைக்காரர் ராட்டர்டாமில் வழக்குப் போட்டார். கழிவு விட்ட ஊரில் போடுவதா, பயிர் கெட்ட ஊரில் போடுவதா என்று இழுத்தது, இரண்டில் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று 1976ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இப்போது சொல், இது சட்டமா, பொருளாதாரமா, வேதியியலா? பிரித்துப் படித்தால் பாதி கூடப் புரியாது. கூடப் படித்த பையன்களுக்கு இது ஒரு உதாரணம், அவ்வளவுதான். மேட்டூர் ஜூன் 12ல் திறக்குமா என்று குறுவைக்கு வானத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வீட்டுக் கதை. அதனால் அப்பாவிடம் சொல், பாடம் நாலு இருக்கட்டும், நீ தோண்டும் இடம் ஒன்றாக இருந்தால் போதும். தண்ணீர் வேண்டாமென்றால் கச்சத்தீவு இருக்கிறது, நாகப்பட்டினம் மீனவர் பிரச்சினை இருக்கிறது.

மொழி விஷயத்தில் மட்டும் நான் செய்த தப்பைச் செய்யாதே. வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்று டச்சை விட்டுவிட்டேன், படித்து முடித்த பிறகு வேலை தேடக் கொடுத்த ஒரு வருஷத்தில் பாதி அந்த ஒரு குறையாலேயே வீணாயிற்று. நாகப்பட்டினம் 1658லிருந்து 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்த ஊர், அவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய ஏடுகள் தி ஹேக் ரயில் நிலையத்தை ஒட்டிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு தெரிந்த டெல்டாப் பையன் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்.

இந்திய வெளியுறவுப் பணியான ஐஎஃப்எஸ்தான் கனவு என்றால் இந்தச் செலவே தேவையில்லை, யுபிஎஸ்சிக்கு எந்தப் பட்டமும் போதும். பகுதிநேர வேலையை நம்பியும் வராதே, வாரம் 16 மணி நேரம்தான், அதற்கும் வேலை கொடுப்பவர் அரசிடம் உனக்காக அனுமதி வாங்க வேண்டும்.

அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. நகராட்சியில் முகவரி பதிய விடமாட்டேன் என்பவர் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், பதியாவிட்டால் பிஎஸ்என் என்ற குடிமக்கள் சேவை எண் வராது, அது இல்லாமல் ஒரு காரியமும் நகராது. கறிவேப்பிலை தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்தவர்கள் கடையிலேயே கிடைக்கும், அதற்குப் பெட்டியில் இடம் ஒதுக்காதே. மழைக்கோட்டு வை, இந்தக் காற்றில் குடை நிற்காது.