வெள்ளிக்கிழமை வராத பையன்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் 6-ம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். தவக்காலத்துக்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை உண்டியல் கொடுத்திருக்கிறோம். வெள்ளிதோறும் எண்ணி, வகுப்புவாரியாகத் தொகையைப் போர்டில் எழுதுவோம். முதலில் வரும் வகுப்புக்குப் பரிசு உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு வாரமாக வெள்ளிக்கிழமை மட்டும் வருவதில்லை. விசாரித்தால், அவன் அப்பா மீன்பிடிக்கப் போன படகு பிடிபட்டு, அவர் இலங்கைச் சிறையில் இருக்கிறாராம். ‘பணம் வேண்டாம், சும்மா வா’ என்று சொல்லியும் வரவில்லை. ஜெபமும் தர்மமும் கற்றுக்கொடுக்கத்தானே இதைச் செய்கிறோம். எங்கே தவறினேன்?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் அந்தப் போர்டை அழித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் 5-ம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் பெயர் வாசித்துக் காசு வாங்குவார்கள். அப்பா நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் மீன்பாடு சரியில்லை. என் பெயர் வந்ததும் எழுந்து, “மறந்துட்டேன் டீச்சர்” என்பேன். மூன்று வாரம் மறந்தேன். நாலாவது வாரம் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

‘சும்மா வா’ என்று நீங்கள் கூப்பிட்டது பாசத்தில்தான். ஆனால் எல்லோரும் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது, அவன் மட்டும் சலுகை வாங்கியவனாக வந்து உட்காரவேண்டும். 11 வயதுப் பையனுக்கு அது பசியைவிடக் கஷ்டம்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசையில் வாசிப்பது மத்தேயு 6-ம் அதிகாரம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று ஆண்டவர் சொல்கிற இடம். அதைக் கேட்டு நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு, அடுத்த வெள்ளியே எந்த வகுப்பு எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதிக் காட்டுகிறோம். தலைமை ஆசிரியரிடம் இந்த ஒரு வாசகத்தைச் சொன்னாலே போதும், வேறு வாதம் தேவைப்படாது. பரிசையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

உண்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார்களே, பிடியரிசி, அதைப் போல ஒன்று செய்யலாம். பள்ளிக் கோவில் ஓரத்தில் வாய் அகலமான ஒரே ஒரு பானை. பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் போய், மூடிய கையை உள்ளே விட்டு விரித்துவிட்டு வரட்டும். பத்து ரூபாய் போட்டவன் கையும் ஒன்றும் போடாதவன் கையும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்களும் அந்த வரிசையில் நில்லுங்கள். மற்ற மதத்துப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வருடங்களாக ரமலானும் தவக்காலத்தை ஒட்டியே வருகிறது. நோன்பு வைக்கிற வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அவனுக்கு விருப்பமிருந்தால், அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கேட்டுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு, ஜெபம் நடக்கும்போதே மயங்கி விழ வைக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தவர்களுக்கு, ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு. உங்கள் வகுப்பில் யாருக்கும் இரண்டுமே கடமையில்லை. அதோடு, வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்பது நம் கரையில் பெரிய ஒறுத்தலும் இல்லை. மீனுக்குத் தடை கிடையாது. சூடையும் காரலும் சாப்பிடும் வீட்டில் வெள்ளியும் வியாழன் மாதிரிதான். ஆகவே வேறு ஒறுத்தல் தேடச் சொல்லுங்கள். பாசி எடுக்கப் போன அம்மா திரும்புமுன் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, வராத நாள் பாடத்தை நண்பனுக்கு எழுதிக் கொடுப்பது, இப்படி. உன்னிடம் கொஞ்சமே இருந்தால் அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்கத் தயங்காதே என்று பைபிளில் தோபித்து தன் மகனுக்குச் சொல்கிறார். கொஞ்சம் என்பது காசாக இருக்கவேண்டும் என்றில்லை.

ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனிதர் அருளானந்தர் கதையை இந்த வாரம் வகுப்பில் சொல்லுங்கள். அவர் தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். அதற்கு முன் அவர் சிறையில் இருந்தார். மை இல்லாமல் கரியைக் கொண்டு கடிதம் எழுதினார். ஓரியூருக்குப் போய், அவர் இரத்தத்தால் சிவந்ததென்று சொல்லும் மண்ணை எடுத்துவரும் நம் பிள்ளைகளில் பலருக்கு, அவரும் வெறுங்கையோடு கைதியாக இருந்தவர் என்பது மனதில் பதிவதில்லை. உங்கள் பையன் அதைக் கேட்கவேண்டும். அவன் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம். கதையை மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை. 14 நிலைகளில் 5-வதில் சீரேன் ஊர் சீமோன் வருகிறார். வழியில் போனவரைப் பிடித்து இழுத்துத்தான் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். அவர் இயேசுவுக்குக் கொடுத்தது ஒரு தோள். அந்த நிலையில் கொஞ்சம் நிறுத்தி, கடலுக்குப் போனவர்களுக்காகவும் கரையில் காத்திருப்பவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்ல வையுங்கள், யார் பெயரும் சொல்லாமல்.

முன்னால் சிலுவை பிடித்துப் போக 6-ம் வகுப்புப் பையன்களிடையே எவ்வளவு போட்டி என்று உங்களுக்கே தெரியும். இந்த வெள்ளி அவனைப் பிடிக்கச் சொல்லுங்கள். வேறு பையனிடம் சொல்லி அனுப்பாமல், வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நீங்களே அவன் வீட்டுக்குப் போய், “நாளைக்குச் சிலுவை தூக்க ஆள் வேணும்டா, சீக்கிரம் வந்துரு” என்று வாசலில் நின்று கூப்பிடுங்கள். அவன் அம்மா உங்களை உட்காரச் சொல்லிக் கடுங்காப்பி போடுவார். வீட்டு நிலைமையை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.